காந்தப் புயலில் பிளாஸ்மா கூடுமா, குறையுமா?

கேள்வி இதுதான்: “புவிக்காந்தப் புயல் வந்தால் மேல் வளிமண்டலத்தில் பிளாஸ்மா பெருகும் என்று ஓரிடத்தில் படித்தேன். வற்றிப்போகும் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி? 2024 மே மாதம் இருபது வருடத்தில் இல்லாத புயல் என்றார்களே, நம் ஊரில் ஒன்றுமே தெரியவில்லையே?”

இரண்டுமே சரிதான். ஒரே புயலில், சில சமயம் ஒரே மணி நேரத்தில்கூட, ஓர் ஊரின் தலைக்கு மேலே பிளாஸ்மா வற்றும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் பொங்கும். இன்று பொங்கிய இடம் நாளைக்கு வற்றிக் கிடக்கும். காரணம், அந்தப் பிளாஸ்மாவுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் மின்புலம், அவர் உத்தரவு நிமிடங்களில் வந்துவிடும். இன்னொருவர் காற்று; அவர் மெதுவாகத்தான் வருவார், வந்தால் லேசில் போகமாட்டார். பல நேரங்களில் இருவரும் எதிரெதிராக உத்தரவு போடுவார்கள்.

முதலில், எந்தப் பிளாஸ்மாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். தரையிலிருந்து சுமார் 60 கி.மீ. உயரத்தில் தொடங்கி ஆயிரம் கி.மீ. வரை பரவியிருப்பது அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுப்பதால் உண்டாவது. இப்படிப் பிய்ந்த எலக்ட்ரானும், அதை இழந்து அயனியான அணுவும் கலந்து கிடப்பதுதான் பிளாஸ்மா. அதன் மிக அடர்த்தியான அடுக்குக்கு எஃப் அடுக்கு என்று பெயர், ஏறக்குறைய 300 கி.மீ. உயரத்தில் இருக்கும். பகலில் அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் என்பது சாதாரணம். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அதே கன சென்டிமீட்டரில் மின்னூட்டம் இல்லாத அணுக்கள் அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கும். ஆக, அயனி மண்டலம் என்று பெயர் வைத்திருந்தாலும், அது சோற்றில் போட்ட உப்பு அளவுதான். சோறு எப்படி நகர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் உப்பின் கதி. காற்று ஒரு முதலாளி என்று சொன்னது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அந்த உயரத்தில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அணு. மூலக்கூறு இல்லை, தனி அணு. எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் அணு, பக்கத்தில் இன்னொரு எலக்ட்ரானைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்போம். அது நடப்பதில்லை, நடந்தாலும் படுமெதுவாகத்தான். நடுவில் ஒரு தரகர் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறோ ஆக்சிஜன் மூலக்கூறோ வந்து அந்த அயனியோடு வினைபுரிந்து ஒரு மூலக்கூறு அயனி உருவாக வேண்டும். அது உருவான மறுகணமே எலக்ட்ரானை விழுங்கிவிடும், இரண்டு அணுவாக உடைந்துபோகும். அதாவது, தரகர் எண்ணிக்கை கூடினால் பிளாஸ்மா வேகமாக அழியும். குறைந்தால் நீடித்து நிற்கும். உயரே போகப்போக மூலக்கூறுகள் குறைவதால், மேலே தூக்கப்பட்ட பிளாஸ்மாவுக்கு ஆயுசு அதிகம்.

சரி, புயலுக்கு வருவோம். சூரியன் சில சமயம் பல நூறு கோடி டன் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தோடு சேர்த்துக் கக்கும். அது பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இதையும் சோலார் ஃப்ளேரையும் செய்திகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ஃப்ளேர் என்பது ஒளி, எக்ஸ் கதிர். சுமார் எட்டு நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் கீழ் அடுக்கைத் தடிக்க வைத்து, சிற்றலை வானொலியைச் சில நிமிடங்களோ ஓரிரு மணி நேரமோ அடைத்துவிட்டுப் போய்விடும். புயல் வேறு சமாசாரம். வந்து மோதும் மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கோடுகளோடு இணைந்து கதவைத் திறந்துவிடும். அந்தத் திசையைச் சொல்லும் எண்ணுக்கு பி-இசட் என்று பெயர். புயலைப் பின்தொடரும் எவரையும் கேட்டுப்பாருங்கள், முதலில் அதைத்தான் பார்ப்போம் என்பார்கள்.

கதவு திறந்தால் பூமியைச் சுற்றி ஒரு பெரிய வளைய மின்னோட்டம் வலுக்கிறது. தரையில் காந்தப்புலம் குறைகிறது. அந்தக் குறைவுதான் புயலின் அளவுகோல். நூறு நானோடெஸ்லா குறைந்தால் கடுமையான புயல். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே இருட்டாக்கிய புயலில் 589 குறைந்தது. 1859 செப்டம்பரில் பம்பாய் கொலாபா வானாய்வகத்தில் ஊழியர்கள் கையால் எழுதிவைத்த குறிப்புகளில் சுமார் 1600 நானோடெஸ்லா சரிவு இருக்கிறது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் புயலை ஆராய்பவர்கள் புரட்டுவது அந்த பம்பாய்ப் பதிவேட்டைத்தான்.

இனி முதல் முதலாளி. கதவு திறந்ததும் சூரியக் காற்றின் மின்புலம் துருவப் பகுதிகளில் இறங்குகிறது. வழக்கமாக அது அங்கேயே நின்றுவிடும்; வளைய மின்னோட்டத்தின் உள்விளிம்பில் சேரும் மின்னூட்டம் ஒரு திரைபோலத் தடுத்துவிடும். ஆனால் பி-இசட் சட்டென்று தெற்கே திரும்பினால் அந்தத் திரை தயாராக அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் மின்புலம் நேராக நிலநடுக்கோடு வரை பாய்ந்துவிடுகிறது. துருவத்துக்கும் கன்னியாகுமரிக்கும் எவ்வளவு தூரம்! ஆனாலும் ஒரே நிமிடத்தில் இரண்டு இடத்திலும் தெரியும். பகலில் அதன் திசை கிழக்கு நோக்கி இருக்கும், பின்னிரவில் மேற்கு நோக்கி.

இங்கே நம் ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவிலிருந்து ஏவியதும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். காந்தக் கோடுகள் அங்கே தரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. அதன் மேல் கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் விழுந்தால், பிளாஸ்மா இரண்டுக்கும் செங்குத்தாக, அதாவது நேர்மேலே கிளம்பும். சாதாரண நாளிலேயே பகலில் நொடிக்கு இருபது முப்பது மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறியது அப்படியே நிற்க முடியாது. ஈர்ப்பும் அழுத்தமும் இழுக்க, காந்தக் கோடுகளின் வழியாக இரண்டு பக்கமும் வழிந்து, சுமார் 15 டிகிரி காந்த அட்சரேகையில் (காந்த நடுக்கோட்டிலிருந்து எண்ணும் அட்சரேகை) குவிகிறது. கோயில் தெப்பக்குளத்து நடுவில் நீரூற்று வைத்தால் தண்ணீர் நடுவில் எழும்பி விளிம்பில் விழுமே, அதேதான். இதனால்தான் சூரியன் உச்சியில் காயும் திருநெல்வேலிக்கு மேலே இருப்பதைவிட அகமதாபாத், போபால் பக்கம் பிளாஸ்மா அதிகம். விளைவது ஓரிடம், சேர்வது ஓரிடம்.

புயலன்று அந்த நீரூற்றின் குழாயைத் திறந்துவிட்டதுபோல ஆகிறது. பிளாஸ்மா வழக்கத்தைவிட வேகமாக, வழக்கத்தைவிட உயரத்துக்கு ஏறி, 15 டிகிரியில் விழாமல் 25, 30 டிகிரி வரை போய் விழுகிறது. நடுக்கோட்டுக்கு மேலே பள்ளம், அங்கே மேடு. இதில் வெறும் இடமாற்றம் மட்டுமல்லாமல் மொத்த அளவும் கூடுகிறது. ஏறிப்போன பிளாஸ்மாவுக்கு மேலே தரகர் தொல்லை இல்லை, அழியாது. காலியான கீழ் இடத்தில் சூரியன் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. 2003 அக்டோபர் 30 புயலில், சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறந்துகொண்டிருந்த சாம்ப் என்ற ஜெர்மன் செயற்கைக்கோள், தனக்கு மேலே இருந்த எலக்ட்ரான் அளவு நடு அட்சரேகைகளில் ஏறத்தாழ 900 சதவீதம் வரை கூடியதைக் காட்டியது. பெருகும் என்று நீங்கள் படித்த கட்டுரை அனேகமாக இந்த மாதிரி ஒன்றைப் பற்றியதாக இருக்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் பக்கத்தில் நடந்தது: 2015 மார்ச் 17. அன்று இந்திய நேரப்படி காலை பத்தேகால் வாக்கில் அதிர்வலை வந்து பூமியில் மோதியது. புயல் நாள் முழுக்க வளர்ந்து, கடைசியில் காந்தப்புலத்தை 220 நானோடெஸ்லாவுக்கு மேல் குறைத்தது. நமக்கு முக்கியமான கணம் அந்தி நேரம்.

அந்திக்கு என்ன விசேஷம்? சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கு சட்டென்று வற்றுகிறது, மேல் அடுக்கு நிற்கிறது. பகலுக்கும் இரவுக்கும் நடுவிலான அந்த விளிம்பில் மின்கடத்து திறன் திடீரென மாறுவதால், கிழக்கு நோக்கிய மின்புலம் அணைவதற்கு முன் ஒருமுறை பெரிதாகிறது. அணையப் போகும் விளக்கு குதித்து எரிவதுபோல. எஃப் அடுக்கு மேலே தூக்கப்படுகிறது. அப்போது அடியில் ஒன்றுமில்லை, மேலே கனமான அடுக்கு. எண்ணெய்க்கு மேலே தண்ணீரை நிறுத்தி வைத்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? கனமானது கீழே இறங்கப் பார்க்கும், லேசானது குமிழாக மேலே பிய்த்துக்கொண்டு போகும். இவற்றைப் பிளாஸ்மா குமிழ்கள் என்கிறோம். நம் பக்கம் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில், இது புயல் இல்லாமலே பல இரவுகளில் நடப்பதுதான்.

அந்த மார்ச் 17 அந்தியில், இந்தியாவுக்கு மேலே விளக்கு குதித்து எரிந்த அதே நேரத்தில் புயலின் மின்புலமும் வந்து சேர்ந்தது. எஃப் அடுக்கு 550 கி.மீ. உயரத்தையும் தாண்டித் தூக்கப்பட்டது. எழுந்த குமிழ்கள் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 1670 கி.மீ. வரை போயின, காந்தக் கோடுகளின் வழியே வடக்கில் 27 டிகிரி காந்த அட்சரேகை வரை அவற்றின் வால் நீண்டது. ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா தீர்க்கரேகையில் அதே நேரம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே ஒன்றரை மணி நேரம் முன்பே இருட்டிவிட்டது, அந்தி விளிம்பு கடந்துபோய்விட்டது. ஒரே புயல், ஒரே நிமிடம், பக்கத்து வீடு. இங்கே கூரை பறக்கிறது, அங்கே விளக்குகூட ஆடவில்லை.

இதை எப்படிக் கண்ணால் பார்க்கிறார்கள்? அயனோசோண்டு என்று ஒரு கருவி உண்டு. பழைய ரேடார்தான். ஒன்று மெகாஹெர்ட்ஸ் தொடங்கி இருபது வரை அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே மேலே துடிப்புகளை அனுப்பும்; எது எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று குறித்துப் படமாக வரையும். சாதாரண நாளில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து ஏறி, ஓர் அதிர்வெண்ணில் செங்குத்தாக நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட அலைகள் அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விட்டன என்று பொருள். குமிழ் வந்த இரவில் அந்தக் கோடு கோடாக இருக்காது. கோலப்பொடியில் போட்ட இழையைக் கையால் தேய்த்துவிட்டதுபோல ஒரே தீற்றலாகப் பரவிக் கிடக்கும். முதல்முறை அப்படி ஒரு படத்தைப் பார்த்தபோது கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தீற்றலைப் பெருவின் உவான்காயோ என்ற ஊரில் பார்த்து 1938-இல் எழுதினார்கள். அதுவும் காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர்தான்.

அப்புறம் இரண்டாம் முதலாளி வருகிறார். புயல் துருவ ஒளி வட்டாரத்தில் கொட்டும் மின்னோட்டம் அங்குள்ள காற்றை அடுப்பில் வைத்ததுபோலச் சூடாக்குகிறது. சூடான காற்று உப்பி மேலே எழும்புகிறது. கீழே கிடந்த கனமான நைட்ரஜன் மூலக்கூறுகளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. நம் தரகர்கள் கூட்டமாக மேலே வந்துவிட்டார்கள். அங்கிருந்து காற்று நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்குகிறது. முதலில் வரும் காற்று, நடு அட்சரேகைகளில் பிளாஸ்மாவைச் சாய்வான காந்தக் கோடுகளின் மேல் தள்ளி உயர்த்துவதால் அளவு கொஞ்சம் கூடவும் செய்யும். பின்னாலேயே நைட்ரஜன் வந்து சேர்ந்ததும் சரிவு ஆரம்பம். இந்தச் சரிவு ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கும். கோடைகாலத்தில் இருக்கும் அரைக்கோளத்தில் அதிகம். காரணம், கோடைப் பக்கத்திலிருந்து குளிர்ப்பக்கம் போகும் வழக்கமான காற்றும் சேர்ந்து அந்தக் கெட்ட காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. குளிர்காலப் பக்கத்தில் அதே காற்று எதிர்த்து நிற்கும்.

வற்றுவது சிற்றலைக்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு சின்னக் கணக்கு. கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் இருந்தால், நேர்மேலே அனுப்பிய 9 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலை திரும்பிவரும். எலக்ட்ரான் பாதியாகக் குறைந்தால் எல்லை 6.4-க்கு இறங்கும், ஏனென்றால் இது வர்க்கமூலக் கணக்கு. நேற்று 8 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து மாவட்டத்து நண்பரோடு கணீரென்று பேசியவருக்கு இன்று அதே அதிர்வெண்ணில் இரைச்சல்தான் கேட்கும். ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டு மாடிக்கு ஏறி இறங்கிய ஆட்களில் நானும் ஒருவன்.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது, இதுதான் நம் பகுதிக்கு முக்கியம். துருவத்திலிருந்து வீசும் அந்தக் காற்று காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே பிளாஸ்மாவை இழுப்பதால் அதுவே ஒரு டைனமோவாகிறது. சில மணி நேரம் கழித்து அதன் மின்புலம் நடுக்கோட்டுக்கு வந்து சேரும்போது, திசை தலைகீழ்: பகலில் மேற்கு, இரவில் கிழக்கு. நேற்று நீரூற்றைப் பொங்கவைத்த புயல் இன்று குழாயை அடைத்துவிடுகிறது. 2015 மார்ச் 18 அன்று இந்தியாவில் இதுதான் நடந்தது. அகமதாபாத் பக்கத்து வழக்கமான மேடு நன்றாகவே அமுங்கிப்போனது. வற்றும் என்று சொன்ன கட்டுரையும் பொய் சொல்லவில்லை, அது இரண்டாம் நாளைப் பற்றிப் பேசியிருக்கிறது.

இதனால் தரையில் யாருக்கு என்ன? ஜிபிஎஸ் சமிக்ஞை பிளாஸ்மாவைக் கடக்கும்போது தாமதமாகிறது. ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பத்தில் பத்தாயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் என்பதை ஓர் அலகு என்று வைத்தால், அலகுக்கு 16 செ.மீ. பிழை. நூறு அலகு என்றால் 16 மீட்டர். கருவிக்குள் இருக்கும் எளிய கணக்கு அதில் பாதியைத்தான் சரிசெய்யும். பிழை சீராக இருந்தால் திருத்திவிடலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வெவ்வேறாக இருக்கும்போதுதான் தலைவலி. 2003 அக்டோபர் 29, 30 தேதிகளில் அமெரிக்க விமானங்களுக்கு உயரம் சொல்லும் வாஸ் என்ற திருத்தச் சேவையை முதல் நாள் 15 மணி நேரமும் மறுநாள் 11 மணி நேரமும் நம்பமுடியாமல் போனது. நம் நாட்டின் ககன் சேவைக்கு வேலை இன்னும் கஷ்டம். நீரூற்றின் நடுவும் மேடும் இரண்டுமே அதன் எல்லைக்குள் வருகின்றன, அதோடு குமிழ்களும்.

இப்போது 2024 மே. புயலின் முதல் அடி விழுந்தபோது இந்தியாவில் மணி இரவு 10:35. நம் தலைக்கு மேலே அந்தி விளிம்பு கடந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பின்னிரவில் புயலின் மின்புலம் மேற்கு நோக்கித்தான் இருக்கும், பிளாஸ்மாவைக் கீழே அழுத்தும், பொங்க விடாது. புயல் உச்சத்தைத் தொட்டபோது நமக்கு விடிந்து காலையாகியிருந்தது. லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராவில் அன்றிரவு வடக்கு அடிவானம் சிவந்து தெரிந்தது. அந்தச் சிவப்பு 200 கி.மீ.க்கு மேலே ஆக்சிஜன் அணு உமிழும் நிறம். தெற்கே வாய்ப்பே இல்லை. கைபேசியில் ஏதும் தெரியாததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: ஐந்து பத்து மீட்டர் பிழையை அது எப்போதுமே செய்கிறது, சாலையோடு ஒட்டவைத்து மறைத்தும் விடுகிறது. அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் விதைப்புக் காலம். அங்கே இரண்டு செ.மீ. துல்லியத்தில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் வரிசை தவறின, பலர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

அடுத்த புயல் வரும்போது நீங்களே பார்க்கலாம். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியனை நோக்கிய பக்கத்தில் அளவெடுக்கும் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 2024 ஜனவரி முதல் நம் ஆதித்யா எல்-1 கூட அங்கேதான். அங்கே பி-இசட் தெற்கே சாய்ந்தால், காற்றின் வேகத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது நம்மைத் தொடும். அமெரிக்க விண்வெளி வானிலை மையம் இந்த எண்களை உடனுக்குடன் வெளியிடுகிறது. அவர்கள் போடுவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வந்த விடை மாலை ஆறு, ஏழு என்றிருந்து, மாதமும் மார்ச் அல்லது செப்டம்பராக இருந்தால் சிற்றலை வானொலியைப் போட்டுவைத்துக் கேளுங்கள். தூரத்து நிலையங்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலப் படபடவென்று அடித்துக்கொள்ளும். நள்ளிரவு என்று வந்தால் தூங்கப் போகலாம், ஆனால் மறுநாள் பகலில் நீரூற்று அடைத்துக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.